திறந்த ஆய்விதழ்களும் அவற்றின் அடைவும்

ஆய்வின் முடிவு அதைத் தேடுவோருக்கு எட்டினால்தான் அறிவு வளரும் என்பதற்குத் தென் கொல்கத்தாவில், டாக்குரியாவை அடுத்த ஜாதவ்பூரில் இன்று இயங்கும் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தின் வரலாறே சான்றாகும். 1876-இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இக்கழகம் பௌபஜார் தெருவில் இருந்த காலத்தில், அங்கு ஆய்வு நடத்திய சி. வி. இராமன் 1926-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். 1928-இல் தமது ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை அதிலேயே வெளியிட்டு, அக்கட்டுரையின் படிகளை அயல்நாட்டு அறிஞர்களுக்கும் அஞ்சலில் அனுப்பச் செய்தார்.

அஞ்சல் செய்த பணியை இன்று இணையம் செய்கிறது. ஆயினும் பல இதழ்கள் சந்தா செலுத்தும் நிறுவனங்களைச் சேர்ந்தோருக்கே திறக்கின்றன. இத்தடையை நீக்கும் நோக்குடன் 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, 'திறந்த அணுக்கம்', அதாவது ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படித்துப் பகிரும் உரிமை, என்னும் கொள்கையை வகுத்தது. அவ்வாறு திறந்திருக்கும் இதழ்களை ஒரே இடத்தில் தேடுவதற்காகச் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 2003-இல் ஏறத்தாழ 300 இதழ்களுடன் தொடங்கிய 'திறந்த அணுக்க இதழ்களின் அடைவு', சுருக்கமாக டி.ஓ.ஏ.ஜே., இன்று 20,000-க்கும் மேற்பட்ட இதழ்களைக் கொண்டுள்ளது. இந்தியாவிலும் பெங்களூருவின் இன்ஃபர்மாடிக்ஸ் நிறுவனம் 2006-இல் 'ஓப்பன் ஜே-கேட்' என்னும் இத்தகைய அடைவை உருவாக்கியது.

திறந்திருப்பதாலேயே ஓர் இதழ் நம்பத் தகுந்ததாகிவிடாது. திறந்த இதழ்களுள் சில, வாசகரிடம் பெறாத பணத்தை வெளியீட்டுக் கட்டணமாகக் கட்டுரையாளரிடம் பெறுகின்றன. இவ்வழக்கத்தைப் பயன்படுத்தி, துறை அறிஞர்கள் கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பாய்வை நடத்தாமலே அச்சேற்றும் போலி இதழ்கள் பெருகின. 2013-இல் 'சயின்ஸ்' இதழுக்காகச் செய்தியாளர் ஜான் பொஹானன், பிழைகள் நிறைந்த பொய்க் கட்டுரையைச் சிறு மாற்றங்களுடன் 304 திறந்த இதழ்களுக்கு அனுப்பியபோது 157 இதழ்கள் அதை ஏற்றன. அவற்றுள் டி.ஓ.ஏ.ஜே. அடைவில் இடம்பெற்றிருந்த இதழ்களும் இருந்தன. 2014-இல் விதிகளைக் கடுமையாக்கிய அடைவு, பட்டியலில் இருந்த இதழ்கள் அனைத்தும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் எனக் கேட்டு, அவ்வாறு செய்யாத ஏறத்தாழ 3,300 இதழ்களை 2016-இல் நீக்கியது. இதழின் ஆசிரியர் குழு, மதிப்பாய்வு முறை, கட்டணம், பதிப்புரிமை ஆகியவை வெளிப்படையாக இருக்கின்றனவா என்று ஆராய்ந்த பின்னரே இப்போது அதில் இடம் கிடைக்கிறது.

இந்தியாவிலோ, பல்கலைக்கழக மானியக் குழு, தரமான இதழ்களை அடையாளம் காட்டத் தான் பராமரித்த 'கேர்' இதழ்ப் பட்டியலை 2025-இல் கைவிட்டதால், இதழின் தரத்தை அறியும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளரிடமும் வந்துள்ளது. 2024 நவம்பரில் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி நடுவண் அரசு ஏற்ற 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான இதழ்களைத் திறந்தாலும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும் எந்த நிறுவனத்தையும் சாராத வாசகரும் அதற்கு வெளியிலேயே இருக்கின்றனர். அவர்கள் டி.ஓ.ஏ.ஜே. அடைவில் துறை, மொழி, நாடு ஆகியவற்றால் இதழ்களைத் தேடலாம்; கட்டுரை அனுப்ப எண்ணும் மாணவர், கட்டணம் பெறாத இதழ்களை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு பொதுமக்களுக்கு உரியது. ஆதலால் ஒவ்வொரு ஊர் நூலகமும் இவ்வடைவைத் தன் வாசகருக்குக் கற்பிப்பதைத் தன் அன்றாடக் கடமையாகக் கொள்ள வேண்டும்.