யார் யாருக்குத் தெரியும்?

ரிசல்ட்டைச் சொன்னதும் சிலர் அழுவார்கள். சிலர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண் இரண்டும் செய்யவில்லை. விரல் நுனியில் காய்ந்திருந்த ஷூ பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "இது யார் யாருக்கெல்லாம் தெரியும்க்கா?" என்றாள்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஐந்து மாதக் கர்ப்பம். அவள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நான் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் அரசு நம்பிக்கை மையத்து ஆலோசகர். பெயர், முகவரி, ரிசல்ட் எழுதிய பதிவேடு என் பீரோவில் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது.

அவள் பயம் எனக்குப் புரிந்தது. பேரணாம்பட்டு, மாதனூர், வாணியம்பாடி என்று ஊர் ஊராக ஆளேற்றி வரும் கம்பெனி பஸ்ஸில் ஒரே தெருப் பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்கள். ஒருத்தி காதில் விழுந்த சேதி, கம்பெனி கேட்டுக்குள் நுழைவதற்குள் பஸ் முழுக்கப் பரவிவிடும். ஒன்றாக உட்கார்ந்து தைப்பதாலோ, ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதாலோ எச்.ஐ.வி. ஒட்டாது என்று எத்தனை முறை சொன்னாலும், சேதி பரவினால் பக்கத்து மிஷின்காரி தள்ளித்தான் உட்காருகிறாள்.

யாருக்குத் தெரியலாம் என்ற அவள் கேள்வி பழையது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்த கதையிலேயே அது இருக்கிறது; அந்தக் கதையில் எங்கள் வேலூருக்கும் இடமுண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சென்னைக் காப்பகம் ஒன்றில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வீட்டு ஃபிரிட்ஜில் பாதுகாத்து, ரயிலேறி, வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; தொற்று இருப்பதன் அடையாளம் அது. நாட்டை உலுக்கி எழுப்பிய வேலை அது. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியே தீரவேண்டும் என்ற சட்டமும் அன்று இல்லை.

1995-ல் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில், நோயாளிக்காக ரத்தம் கொடுக்கப் போனார் நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர். பரிசோதனையில் அவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. விஷயம் வெளியே போய், நிச்சயித்த கல்யாணம் நின்றது. ஊரார் ஒதுக்கினார்கள். அவர் தொடுத்த வழக்கில், அவரை மணக்கவிருந்த பெண்ணின் உயிரைக் காக்க ரகசியத்தை உடைக்கலாம் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொற்றுள்ளவரின் திருமண உரிமை பற்றி அதில் சொன்ன கருத்துகளை 2002-ல் அதே நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. யாரிடம், எப்போது, எப்படிச் சொல்லலாம் என்று தெளிவாக வரையறுக்க 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் வரவேண்டியிருந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் அது அமலில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தைத்தான் அவளுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது. சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லவும் கூடாது. விதிவிலக்குகள் சிலதான். சிகிச்சைக்கு அவசியமென்றால், சிகிச்சை தரும் மருத்துவருக்குச் சொல்லலாம். நீதிமன்ற உத்தரவு வந்தால் சொல்லலாம். திட்டத்தைக் கண்காணிக்கும் அரசு, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்க அதிகாரிகள் பார்க்கலாம். ஆளை அடையாளம் காட்டாத எண்ணிக்கையைப் புள்ளிவிவரமாக அனுப்பலாம். கம்பெனி இந்தப் பட்டியலில் இல்லை. மாமியாரும் இல்லை.

"அவருக்கு?" என்றாள்.

கணவருக்குச் சொல்வதற்கும் சட்டத்தில் முறை இருக்கிறது. முதலில் அவளையே சொல்ல வைக்க ஆலோசனை தரவேண்டும். அவள் சொல்லவே மாட்டாள், அவருக்குத் தொற்றும் ஆபத்து பெரிது என்றால் மட்டும், அவளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ அவரிடம் நேரில் சொல்லலாம். அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற அச்சம் நியாயமானதாக இருந்தால் சொல்லக்கூடாது. அவள் தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு தானே சுக்குநூறாகக் கிழித்தாள். மூன்றாம் வாரம் கணவரோடு வந்தாள்.

ரகசியம் என்றால் யாருக்குமே தெரியாமல் மூடிவைப்பது என்று நினைத்தால் தவறு. பிரசவம் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாவிட்டால் பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்து போகாது. தெரியவேண்டியவருக்குச் சொல்லாமல் விட்டாலும் கேடு, தெரியவேண்டாதவருக்குச் சொன்னாலும் கேடு. வேறொருத்தியின் பிரசவத்தில் அப்படித்தான் ஆயிற்று. மருத்துவமனை ஒன்றில் கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் 'எச்.ஐ.வி.' என்று எழுதிக் கட்டிலில் மாட்டியிருந்தார்கள். பால் கொண்டுவந்த உறவுக்காரி படித்துவிட்டாள். உள்தாளில் எழுதியிருந்தாலும் டாக்டர் பார்த்திருப்பாரே! அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போனது. இன்றும் என் மனம் ஆறவில்லை.

அதனால் இந்தப் பெண்ணின் பிரசவத்துக்கு முன்பு, அவள் சம்மதத்தோடு மருத்துவரை நேரில் பார்த்துப் பேசினேன். இடையில் கம்பெனியிலிருந்து ஒரு போன். "மேடம், அந்தப் பொண்ணு அடிக்கடி லீவு போடுது, உங்ககிட்டதான் வருதா?" என்றார்கள். இங்கே யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று எவரைப் பற்றியும் சொல்வதில்லை என்றேன். வருகிறாள் என்று சொன்னாலே பாதி சொன்னதாகிவிடும்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் எச்.ஐ.வி. சட்டப்படி ஒரு புகார் அலுவலர் இருக்கவேண்டும். வேலை கொடுக்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக்கூடாது. தொழிலாளர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: அதே சட்டப்படி நியமிக்கப்படும் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டால் 30 நாளுக்குள் உத்தரவு தரவேண்டும். சந்தேகம் எதுவானாலும் 1097-க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

குழந்தைக்குப் பதினெட்டு மாதம் முடிந்து கடைசிப் பரிசோதனை செய்தோம். தொற்று இல்லை. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டதால் அவள் ரத்தத்திலும் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. அந்த நிலை நீடித்தால் உடலுறவு வழியாகவும் பரவாது. பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, "ஷிஃப்டுக்கு நேரமாச்சுக்கா, வரேன்" என்றாள். தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் ஒருத்தி நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.