அத்தைக்கு ஒரு படம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமனாரின் படம் மாட்டியிருக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அப்படி ஒன்று கிடையாது. வாக்காளர் அட்டையில் இருப்பதுதான். "அதுல திருடி மாதிரி முழிக்கிறேன். நாளைக்கு மாலை போட எனக்கு ஒரு படம் வேண்டாமா?" என்று எண்பத்திரண்டு வயதில் கேட்டார். பேரன் செல்போனில் எடுத்தது எதுவும் பிடிக்கவில்லை. "நீதான் படமெல்லாம் போடுவியே, நீயே வரைஞ்சிடு" என்றார். பத்தாம் வகுப்போடு நான் விட்ட பழக்கம் அது!

மகள் ஒரு தகர டப்பா வாங்கி வந்தாள். எச்.பி.யிலிருந்து 8பி வரை ஐந்து பென்சில்கள். பார்த்தால் சாதாரணப் பென்சில்தான். ஆனால் உள்ளே கிராஃபைட்டைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை தண்ணீரில் கரையும். வரைந்துவிட்டு ஈரப் பிரஷ்ஷால் தடவினால் கோடு கரைந்து சாம்பல் நிறச் சாயமாக ஓடுகிறது. "ஈயமாச்சே, கையில படலாமா?" என்று அத்தைக்குக் கவலை. பெயர்தான் ஈயம், பென்சிலில் ஈயமே கிடையாது. இருந்தாலும் பிரஷ்ஷின் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் வழக்கம் வேண்டாம்.

முதல் படம் பையனின் டிராயிங் நோட்டில். தண்ணீர் பட்டதும் தாள் அப்பளமாகச் சுருண்டது. வாட்டர் கலருக்கான 300 கிராம் தாளை வாங்கிப் பரீட்சை அட்டையில் நாலு பக்கமும் கிளிப் போட்டேன். இரண்டாவது படத்தில் என் அவசரம். கொண்டைக்கு 8பி-யை அழுத்தித் தீட்டி, அதே பிரஷ்ஷைக் கழுவாமல் கன்னத்துக்குக் கொண்டு போனேன். அத்தை கரி அடுப்பு ஊதியவர் போல ஆகிவிட்டார். ரப்பரால் அழித்தால் போகவில்லை. ஒருமுறை நனைந்து காய்ந்தது லேசில் போகாது. அழுத்திப் போட்ட சுருக்கங்களும் சரியாகக் கரையாமல் கம்பி கம்பியாக நின்றன.

மூன்றாவதில்தான் புத்தி வந்தது. முகத்தின் மேல் பென்சிலையே வைக்கவில்லை. மை தொடுவது போல, ஈரப் பிரஷ்ஷால் பென்சில் முனையைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். முதலில் வெளிர் சாயம். அது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. ஈரத்தில் கறுப்பாகத் தெரிவது காய்ந்தால் வெளுக்கும், பயந்து ஒற்றி எடுத்துவிடாதீர்கள். நரைத்த தலைக்குப் பென்சிலே தேவையில்லை. பின்னால் சுவரை இருட்டாக்கினால் தாளின் வெள்ளையே நரையாகிவிடுகிறது. மூக்குத்திக் கல்லுக்கும் அப்படித்தான், ஒரு மிளகளவு இடத்தை முதலிலேயே தொடாமல் விட வேண்டும். கண்ணிமையும் உதட்டு ஓரமும் மட்டும் கடைசியில், தாள் லேசாக ஈரமாக இருக்கும்போது 4பி-யால். அப்போது கோடு மை போல அழுத்தமாக விழுகிறது.

சாயங்காலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அத்தை படத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"பிடிக்கலையா அத்தை?"

"இது நான் இல்லடி. எங்கம்மா."

அவருடைய அம்மா நாற்பதைத் தாண்டாமலே போய்விட்டவராம். ஒரு போட்டோ கூடக் கிடையாது. நான் பயந்து பயந்து பூசியதில் சுருக்கமெல்லாம் குறைந்து, வயது இறங்கிவிட்டது போலும். லட்சணமாக வரவேண்டும் என்று கொஞ்சம் வேண்டுமென்றே குறைத்ததும் உண்டு.

அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்ட விடவில்லை. அலமாரியில் தன் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணு போடு. சுருக்கத்தையெல்லாம் விடாம போடு" என்று உத்தரவு.

பரீட்சை அட்டையில் புதுத்தாள் வைத்துக் கிளிப் போட்டிருக்கிறேன். நாளைக்குக் காலையில், சமையல் ஆனதும்.