வித்தியாசங்களும் ஐக்கியமும்

ஒரு தேசத்து ஜனங்கள் ஒற்றுமையாக வாழவேண்டுமானால் அவர்கள் ஒரே பாஷை பேசவேண்டும், ஒரே மதத்தை அநுசரிக்கவேண்டும், ஒரே விதமான நடையுடை பாவனைகளை உடையவர்களாயிருக்க வேண்டும் என்ற எண்ணம் வெகு காலமாகப் பலருடைய மனதில் வேரூன்றியிருக்கிறது. மேடையிலே சொல்லும்போது இது தேசபக்தியின் குரலாகவே ஒலிக்கிறது. கேட்போரும் கரகோஷம் செய்கிறார்கள். ஆனால் இந்த எண்ணம் சரித்திரத்துக்குப் பொருந்துகிறதா என்று நிதானமாக விசாரிப்பது பொதுக்காரியங்களில் ஈடுபட்ட ஒவ்வொருவருடைய கடமையுமாகும். ஏனெனில், எண்ணம் தவறானால், அதை நம்பிச் செய்யும் காரியங்கள் தேசத்தை இணைப்பதற்குப் பதிலாகப் பிளந்துவிடும். அவ்விதம் பிளந்துபோன தேசத்தை நமது அண்டையிலேயே பார்த்திருக்கிறோம்.

ஆங்கில அறிஞர்களுக்குள்ளேயே இவ்விஷயத்தில் இரண்டு கக்ஷிகள் இருந்தன. ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-ல் பிரதிநிதி ஆட்சியைப் பற்றி வெளியிட்ட நூலில், பல இனத்தார் கூடிய தேசத்தில், அதிலும் அவர்கள் வெவ்வேறு பாஷைகளைப் பேசும் இடத்தில், சுதந்திர ஸ்தாபனங்கள் நிலைப்பது அநேகமாக அசாத்தியம் என்று தீர்மானித்தார். அடுத்த வருஷமே, பிற்காலத்தில் ஆக்டன் பிரபு என்று பெயர்பெற்றவர் இதற்கு நேர் எதிரான வாதத்தை எழுதினார். ஒரே ராஜ்யத்தில் பல இனத்தார் வாழ்வதே சுதந்திரத்துக்குச் சிறந்த காவல் என்பதும், ராஜ்யமும் இனமும் ஒன்றே என்று வைத்துவிட்டால் மற்ற இனத்தாரெல்லாம் அடிமைகளாக நேரிடும் என்பதும் அவருடைய கக்ஷி. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயருள் பலர் மில்லின் வழியிலேயே நினைத்தார்கள். ஸர் ஜான் ஸ்ட்ரேச்சி என்ற அதிகாரி 1888-ல் வெளியான தமது புஸ்தகத்தில், இந்தியா என்று ஒரு தேசம் இன்றும் இல்லை, என்றும் இருந்ததில்லை என்றே எழுதிவிட்டார். இத்தனை வித்தியாசங்களையுடைய ஜனங்களுக்குச் சுயராஜ்யம் எதற்கு என்பதே இவ்வாதத்தினால் ஏற்பட்ட முடிவு. வித்தியாசம் இருந்தால் தேசமில்லை என்று அந்நியன் சொன்னதை மறுத்த நாம், தேசம் வேண்டுமானால் வித்தியாசம் கூடாது என்று இப்போது சொல்வோமாகில், அவனுடைய வாதத்தையே ஒப்புக்கொண்டவர்களாவோம்.

ஸ்விட்ஸர்லாந்தின் சாட்சியம்

மில்லின் விதி உண்மையானால் முதலில் சிதறியிருக்க வேண்டிய தேசம் ஸ்விட்ஸர்லாந்து. அங்கே 26 கான்டன்கள் உள்ளன. கான்டன் என்பது நமது ராஜ்யங்களைப் போன்ற ஒரு பிரிவு. ஜனங்களில் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டவர்கள் ஜெர்மன் பாஷையையும், நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்தவர்கள் பிரெஞ்சு பாஷையையும், நூற்றுக்கு 8 பேர் இத்தாலிய பாஷையையும் பேசுகிறார்கள். ரோமாஞ்சு என்ற நான்காவது பாஷையைப் பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மதத்திலோ கத்தோலிக்கரும் பிராட்டஸ்டாண்டுகளும் நூற்றாண்டுகளாக ஒருவரையொருவர் எதிர்த்து ஆயுதமேந்தியவர்கள். இருந்தும் 1848-ல் ஏற்பட்ட கூட்டாட்சி இன்றளவும் நிலைத்திருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? பாஷையின் எல்லையும் மதத்தின் எல்லையும் அங்கே ஒரே கோட்டில் விழவில்லை. ஜூரிச் ஜெர்மன் பேசும் பிராட்டஸ்டாண்டு நாடு. லூஸர்ன் ஜெர்மன் பேசும் கத்தோலிக்க நாடு. ஜெனீவா சம்பிரதாயமாகப் பிரெஞ்சு பேசும் பிராட்டஸ்டாண்டு நகரம். பிரிபூர்க்கிலோ பெரும்பாலோர் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர். பாஷையைப் பற்றி விவகாரம் எழுந்தால் ஜெனீவாக்காரன் பிரிபூர்க்காரனுடன் நிற்பான். மத விவகாரம் எழுந்தால் அவனை விட்டு ஜூரிச்சுக்காரனுடன் சேர்வான். இன்றைக்கு எதிர்க்கக்ஷியில் இருப்பவனுடைய உதவி நாளைக்கு வேண்டியிருக்கும் என்ற ஞாபகம் எல்லோருக்கும் இருக்கிறபடியால், எந்தச் சண்டையும் எல்லை மீறிப் போவதில்லை. பல வித்தியாசங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்போது, அவை பாவும் ஊடையும்போல ஜனசமூகத்தை நெய்து விடுகின்றன. அமெரிக்க அரசியல் சட்டத்துக்காக 1787-ல் வாதாடிய மாடிஸனும் இதை ஒட்டிய ஒரு நியாயத்தையே சொன்னார்: தேசம் விரிந்து, அதில் பலவித நலன்களும் கக்ஷிகளும் பெருகினால், எந்த ஒரு கக்ஷியும் பெரும்பான்மையாகத் திரண்டு மற்றவர்களை நசுக்குவது கஷ்டமாகும் என்பது அவர் கருத்து.

இது வெறும் சித்தாந்தமல்ல. 1847-ல் ஏழு கத்தோலிக்க கான்டன்கள் தனிக் கூட்டு அமைத்துக்கொண்டு மற்றவர்களுடன் யுத்தத்தில் இறங்கின. அந்த யுத்தத்தில்கூட அணிகள் சுத்தமாகப் பிரியவில்லை. இத்தாலிய பாஷை பேசும் திச்சீனோவும், ஜெர்மன் பேசும் ஸோலோதூர்னும் கத்தோலிக்க நாடுகளாயிருந்தும் கூட்டாட்சியின் பக்கமே நின்றன. கத்தோலிக்க சேனைக்குத் தலைமை வகித்த ஸாலிஸ்-ஸோக்லியோ என்பவரே ஒரு பிராட்டஸ்டாண்டு! எதிர்ப்பக்கத்துச் சேனாதிபதியான ஜெனீவா தூபூர், காயமடைந்த பகைவர்களைக் காப்பாற்ற வேண்டுமென்று தமது போர்வீரர்களுக்குக் கட்டளையிட்டார். 1863-ல் செஞ்சிலுவைச் சங்கத்தை ஸ்தாபித்தவர்களில் இவரும் ஒருவர். ஒரு மாதத்துக்குள் யுத்தம் முடிந்தது; மாண்டவர்கள் சுமார் நூறு பேர். அதே காலத்து ஐரோப்பிய யுத்தங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும்.

ஜயித்தவர்கள் செய்த காரியமே மிகவும் கவனிக்கத்தக்கது. தோற்றவர்களை மிதிக்காமல், 1848-ல் அரசியல் சட்டம் வகுத்து, மேல்சபையில் சின்னஞ்சிறு ஊரி கான்டனுக்கும் பெரிய ஜூரிச்சுக்கும் சமமாக இரண்டு ஸ்தானங்கள் கொடுத்தார்கள். அரசியல் சட்டத்தை மாற்றுவதற்கு ஜனங்களில் பெரும்பான்மையோர் ஒப்பினால் மட்டும் போதாது. கான்டன்களிலும் பெரும்பான்மை ஒப்பவேண்டும். 1891-ல் கத்தோலிக்க கன்ஸர்வேடிவ் கக்ஷியைச் சேர்ந்த ஒருவர் முதல்தடவையாக எழுவர் கொண்ட மந்திரிசபையில் இடம்பெற்றார். 1959 முதல் பிரதான கக்ஷிகள் நான்கும் அந்த ஏழு ஸ்தானங்களைப் பங்கிட்டு ஆளும் வழக்கம் ஏற்பட்டது. 1938-ல், ரோமாஞ்சு பாஷையை நான்காவது தேசிய பாஷையாக அங்கீகரிக்கலாமா என்று ஜனங்களைக் கேட்டபோது, பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவர்கள் சரியென்று வாக்களித்தார்கள். அப்பாஷையின் ஒரு வார்த்தையையும் அறியாதவர்களே அவர்களில் பெரும்பாலோர்.

ஜூரா பிரதேசத்தின் கதை இவ்வுண்மையை இன்னொரு விதமாக ருசுப்படுத்துகிறது. 1815-ல் அப்பிரதேசம் பெர்ன் கான்டனுடன் இணைக்கப்பட்டது. பெர்ன் ஜெர்மன் பேசும் பிராட்டஸ்டாண்டு நாடு; வட ஜூராவோ பிரெஞ்சு பேசும் கத்தோலிக்க நாடு. இங்கே இரண்டு வித்தியாசங்களும் ஒரே கோட்டில் விழுந்தன. விழுந்த இடத்தில் கிளர்ச்சியும் தீவைப்பும் நடந்தன. தென் ஜூராவிலுள்ளவர்கள் பாஷையால் வடக்குக்கு உறவினர், மதத்தால் பெர்னுக்கு உறவினர். வாக்கெடுத்தபோது பெர்னுடனேயே இருப்பதாகச் சொன்னார்கள். வட ஜூரா மட்டும், 1978-ல் தேசமுழுவதும் வாக்களித்துச் சம்மதித்ததன்பேரில், 1979 ஜனவரி 1-ந் தேதி தனிக் கான்டனாயிற்று. பிரிந்து போனது பெர்னிலிருந்தேயன்றி ஸ்விட்ஸர்லாந்திலிருந்து அன்று.

ஸ்விஸ் ஜனங்கள் தேவர்களல்லர். தேசியத் தேர்தல்களில் ஸ்திரீகளுக்கு 1971 வரையில் வாக்குரிமை கொடுக்காதவர்கள் அவர்கள். ஜெஸூட் பாதிரிகளுக்கு விதித்திருந்த தடையை 1973-ல்தான் நீக்கினார்கள். 2009-ல் மசூதிகளுக்கு மினாரெட்டு கட்டக்கூடாதென்று வாக்களித்தார்கள். அவர்களுடைய குணவிசேஷத்தினால் அல்ல, அவர்களுடைய ஏற்பாடுகளினாலேயே அந்தத் தேசம் நிலைத்தது என்பதற்கு இக்குற்றங்களே அத்தாட்சி.

ஒரே கோட்டில் விழுந்த பிளவுகள்

இதற்கு எதிரான உதாரணம் பாகிஸ்தான். ஒரே மதம் போதும், தேசம் நிற்கும் என்ற நம்பிக்கையில் 1947-ல் அது அமைக்கப்பட்டது. ஆனால் பாஷை, பொருளாதாரம், சேனையிலும் உத்தியோகங்களிலும் உள்ள பங்கு ஆகிய எல்லா வித்தியாசங்களும் கிழக்கு, மேற்கு என்ற ஒரே கோட்டில் விழுந்தன. நடுவிலே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இந்திய பூமி. ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வங்காளி பேசுவோர். அப்படியிருக்க, 1948 மார்ச் மாதத்தில் ஜனாப் ஜின்னா டாக்காவுக்குச் சென்று, உருது ஒன்றே ராஜ்ய பாஷை என்று பிரகடனம் செய்தார். 1952 பிப்ரவரி 21-ந் தேதி, வங்காளிக்காகக் கிளர்ச்சி செய்த மாணவர்கள்மீது போலீசார் சுட்டார்கள், உயிர்கள் மாண்டன. 1956-ல் வங்காளிக்கும் சம அந்தஸ்து கொடுத்தார்கள். அதற்குள் மனம் முறிந்துவிட்டது. 1971-ல் பங்களாதேசம் பிறந்தது. ஒன்றாக்குவதற்கென்று கொண்டுவந்த ஒரே பாஷைதான் அந்தத் தேசத்தை இரண்டாக்கும் வேலையைத் தொடங்கிவைத்தது.

இலங்கையின் கதையை நாம் விரிக்க வேண்டியதில்லை. பாஷை, மதம், வாழும் பிரதேசம் ஆகிய மூன்றும் அங்கே பெரும்பாலும் ஒரே எல்லையில் நின்றன. கிறிஸ்தவர்கள் மாத்திரமே இரு பாஷையாரிடையேயும் கலந்திருந்தார்கள். அவர்கள் தொகை சொற்பம். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தபோது, ஏற்கனவே இருந்த பிளவுக்கு ராஜாங்கமே முத்திரை வைத்தது. 1983 முதல் 2009 வரையில் நடந்த யுத்தத்தில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதைத் தமிழர் எவரும் மறக்கமாட்டார்கள்.

நமது தேசத்தில்

1920-ல் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், பாஷைவாரியாக மாகாணக் கமிட்டிகளை அமைத்துக்கொண்டது. ஜனங்களுடைய சொந்த பாஷையில் பேசினாலன்றிச் சுயராஜ்ய இயக்கம் கிராமங்களுக்குப் போகாது என்பது அன்றே விளங்கியிருந்தது. சுதந்திரம் வந்தபின் தலைவர்களுக்கே சந்தேகம் உண்டாயிற்று. 1948-ல் தார் கமிஷன், பாஷைவாரி மாகாணங்கள் தேசத்துக்குத் தீங்கு என்றது. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15-ந் தேதி உயிர்நீத்த பிறகே ஆந்திர ராஜ்யத்துக்கு வழி திறந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி தேசமே பெரும்பாலும் பாஷைவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டது. தேசம் துண்டு துண்டாகப் போகும் என்று அன்று ஜோசியம் சொன்னவர்கள் பலர். ஜோசியம் பலிக்கவில்லை. 1965-ல் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் தமிழ்நாட்டில் இரத்தம் சிந்திய பிறகு, 1967-ல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, ஹிந்தி பேசாத ராஜ்யங்கள் சம்மதிக்கும் வரையில் ஆங்கிலமும் நீடிக்கும் என்று உறுதி செய்தார்கள். ஒரு காலத்தில் தனிநாடு கேட்ட திராவிட முன்னேற்றக் கழகம், 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்துக்கும் 1963-ஆம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தத்துக்கும் பிறகு அக்கோரிக்கையைக் கைவிட்டு, 1967-ல் வாக்குச் சீட்டின் மூலமே சென்னையில் ஆட்சிபீடம் ஏறியது.

இந்தியாவைக் கட்டியிருப்பதும் குறுக்கு நூல்களே. காயல்பட்டணத்து முஸ்லிம் தொழுகையால் லக்னோ முஸ்லிமுக்குச் சகோதரன். பேச்சாலும் பாட்டாலும் பக்கத்துத் தெரு ஹிந்துவுக்குச் சகோதரன். திருநெல்வேலிக் கிறிஸ்தவனுக்குக் கோட்டயத்திலே சபை உறவு. வயலும் வாய்க்காலும் தமிழ்நாட்டிலே. தமிழ் ஹிந்து காசிக்கு யாத்திரை போகிறான். ஆனால் ஹிந்தியைத் தன் தலைமேல் வைத்தால் காசிக்காரனோடு வாதாடுகிறான். இந்த நூல்களில் எந்த ஒன்றும் முழுப் பலத்தோடு இழுக்க மற்றவை விடுவதில்லை. நமது பலவீனம் என்று ஸ்ட்ரேச்சி கணக்கிட்டது நமது பலமாயிருக்கிறது.

வித்தியாசம் வேறு, உயர்வு தாழ்வு வேறு

இங்கே ஓர் ஆக்ஷேபணை எழும். வித்தியாசம் சமூகத்தைத் தாங்குகிறதென்றால் ஜாதியும் தாங்குகிறதல்லவா, அவரவர் தொழிலை அவரவர் செய்வதும் ஓர் ஏற்பாடுதானே என்று சிலர் கேட்பார்கள். இந்த வாதத்தை நாம் அடியோடு நிராகரிக்கிறோம். மேலே சொன்ன வித்தியாசங்களெல்லாம் பக்கம் பக்கமாக நிற்பவை. ஜாதி மேலும் கீழுமாக நிற்பது. ஜாதி தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளிகளையே படிப்படியாகப் பிரித்து அடுக்குகிறது என்று டாக்டர் அம்பேத்கார் 1936-லேயே எடுத்துக் காட்டினார். நிலம், கல்வி, கௌரவம், கிணற்றுத் தண்ணீர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோட்டின் ஒருபுறத்தில் குவித்து வைப்பதே அதன் வேலை. குறுக்கு நூல் ஓடுவதற்கே அது இடங்கொடுப்பதில்லை. கலந்துண்பதையும் கலந்து மணப்பதையும் தடுப்பது அதற்காகவே. வேற்றுமையைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இந்த ஏற்பாட்டுக்கு வக்காலத்து வாங்குவது கபடம்.

பொதுஜன சேவையில் ஈடுபட்டிருக்கும் நேயர்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் தெளிவானது. ஜனங்களுக்குள் வித்தியாசமே இல்லாமற் செய்வது ஒருவராலும் ஆகாத காரியம்; முயன்றவர்கள் இரத்தம் சிந்தியதுதான் மிச்சம். எல்லா வித்தியாசங்களும் ஒரே கோட்டில் வந்து விழாதபடி பார்த்துக்கொள்வதே நம்மால் ஆகக்கூடியது. தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், பொதுப் பள்ளிக்கூடம், வாசகசாலை, பாஷாபிமான சங்கம் என்று பல மதத்தாரும் பல ஜாதியாரும் ஒரே பாயில் உட்காரும் ஒவ்வோர் ஸ்தாபனமும் ஒரு குறுக்கு நூல். அதில் உங்கள் ஊரில் எத்தனை இருக்கின்றன, அவற்றின் நிர்வாகத்தில் யார் யாருக்கு இடமிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கஷ்டங்களுக்கெல்லாம் காரணம் இந்த ஒரு கூட்டத்தாரே என்று மேடையேறி ஒருவர் சொன்னால், அவர் எந்தக் கக்ஷியைச் சேர்ந்தவராயினும், நமது கக்ஷியைச் சேர்ந்தவராகவே இருந்தாலும், அந்த நூல்களை அறுக்கவே அவர் கத்தியை எடுக்கிறார் என்று அறிந்து, கூட்டத்திலேயே எழுந்து அவரை மறுத்துப் பேசுங்கள்.