உங்களுக்குத் தெரியுமா? மெஷினுக்கும் உண்டு பரீட்சை!

தீபாவளித் தள்ளுபடியில் கிரைண்டர் வாங்கியவர்களுக்கு மருந்து ஆலைகள் மெஷின்களைச் சோதித்துப் பார்க்கும் ‘வேலிடேஷன்’ சட்டென்று புரியும். கேட்ட மாடல்தானா, எர்த் கொடுத்திருக்கிறதா என்று பார்த்து இறக்கி வைப்பது ஐ.க்யூ. (நிறுவல் சோதனை). வெறுமனே ஓடவிட்டு வேகம் பார்ப்பது ஓ.க்யூ. (இயக்கச் சோதனை). அரிசி, உளுந்து போட்டு ஒவ்வொரு முறையும் அதே பதத்தில் மாவு வருகிறதா என்று பார்ப்பது பி.க்யூ. (செயல்திறன் சோதனை). இட்லி மாவு சொதப்பினால் தோசையாக ஊற்றிவிடலாம். ஊசி மருந்துக்கு அந்த வசதி கிடையாது. 2023 டிசம்பரில் திருத்தப்பட்ட நம் நாட்டு மருந்துத் தயாரிப்புக்கான ‘ஷெட்யூல் எம்’ விதிகளும் இந்தப் பரீட்சைகளைக் கட்டாயமாகக் கேட்கின்றன.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1972, இங்கிலாந்தின் டெவன்போர்ட் மருத்துவமனை. நோயாளிகளுக்கு ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில்களில் பாக்டீரியா இருந்தது. ஐந்து பேரின் மரணத்துக்கு அது காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. விசாரித்தபோது, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் அடியில் காற்று வெளியேறாமல் தங்கியிருந்ததும், கீழ்த்தட்டு பாட்டில்களுக்குச் சூடு போதாமல் போனதும் தெரிந்தது. வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி அதைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. கருவிதான் பழுது என்று நினைத்துவிட்டார்கள்! இன்று ஆட்டோகிளேவுக்குள் பல இடங்களில் வெப்ப உணரிகளை வைத்து, எந்த மூலை கடைசியாகச் சூடாகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். சூடு சேரக் கடினமான அந்த இடத்தில், லேசில் சாகாத ஜியோபாசிலஸ் கிருமியின் பத்து லட்சம் வித்துகள் தடவிய பட்டையையும் வைக்கிறார்கள். 121 டிகிரி நீராவியில் அவை அழிந்தால்தான் பாஸ்.

மருந்து கலக்கும் தொட்டி சுத்தமாகக் கழுவப்படுகிறதா என்று பார்க்க உதவுவது வைட்டமின் பி2. அதன் கரைசலை உள்ளே எங்கும் தெளித்து, தானியங்கிக் கழுவலை ஓட்டிவிட்டு, விளக்கணைத்துப் புற ஊதா ஒளி அடிப்பார்கள். கலக்கித் தண்டின் இறக்கைக்கு அடியில் பச்சை மஞ்சளாக ஒரு பொட்டு மின்னினாலும் போச்சு. அங்கே தண்ணீர் எட்டவில்லை.

ஊசி மருந்து நிரப்பும் அறையில் புகை விடுவதும் உண்டு. வெடி எதுவும் கிடையாது. காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வீடியோ எடுக்கத்தான்.

அதே அறையில் மருந்துக்குப் பதில் கிருமி விரும்பும் சோயா கேசின் திரவத்தை நிரப்பியும் சோதிப்பார்கள். சாப்பாட்டு இடைவேளை, ஷிஃப்ட் மாற்றம் எல்லாம் வழக்கம்போல நடக்க வேண்டும். பாட்டில்கள் 14 நாள் இதமான சூட்டில் காத்திருக்கும். ஒன்று கலங்கினாலும் விசாரணை!

பண்டிகை விடுமுறையில் கரண்ட் போனால்? அதற்கும் ஒத்திகை உண்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய குளிர் அறையின் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, 8 டிகிரியைத் தாண்ட எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று குறிக்கிறார்கள். பொங்கல் லீவில் டியூட்டி பார்ப்பவர் அந்த நிமிடங்களுக்குள் ஜெனரேட்டரை ஓடவிட்டாக வேண்டும்.