இங்கிலீஷ் வாக்கியத்தை வால் பக்கமிருந்து பிடிங்க

நம்ம லிசனர்ஸ் நிறைய பேர் வாய்ஸ் நோட்ல கேட்கிற கேள்வி இது: "கிராமர் தெரியும், வார்த்தையும் தெரியும். ஆனா இன்டர்வியூல பேச ஆரம்பிச்சா வாக்கியம் பாதியில நின்னுடுது. ஏன்?"

காரணம் பெரும்பாலும் வினைச்சொல் நிற்கிற இடம்தான். தமிழ்ல அது கடைசியில வரும். "நான் போன கம்பெனியில பேமென்ட் மாட்யூலை..." வரைக்கும் சொல்லிட்டு, எழுதினேனா, டெஸ்ட் பண்ணினேனான்னு மெதுவா முடிவு பண்ணலாம். இங்கிலீஷ் அந்த அவகாசத்தைத் தராது. எழுவாய் வந்த கையோடு வினை வந்தாகணும். நாம திணறுறது அந்த இடத்துலதான்.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. "நாய் மனுஷனைக் கடிச்சுது", "மனுஷனை நாய் கடிச்சுது", ரெண்டும் ஒண்ணுதான். யார் கடிபட்டதுன்னு இரண்டாம் வேற்றுமை உருபு காட்டிக் கொடுத்துடும். "தி டாக் பிட் தி மேன்" வாக்கியத்துல டாக்கையும் மேனையும் இடம் மாத்தினா மனுஷன் நாயைக் கடிச்சுடுவான். பழைய ஆங்கிலத்துலயும் இப்படி வேற்றுமை விகுதிகள் இருந்தன. சில நூற்றாண்டுகள்ல அவை தேய்ஞ்சு போக, அந்த வேலையை வார்த்தையோட இடம் எடுத்துக்கிச்சு. மிச்சம் இருக்கிறது "ஹி, ஹிம்" மாதிரி கொஞ்சம்தான்.

சரி, பயிற்சிக்கு வருவோம். "நான் நேத்து லஸ் கார்னர்ல ஒரு புக் வாங்கினேன்." எழுவாயை மட்டும் முன்னாடியே விட்டுட்டு, மிச்சத்தை வால்லேர்ந்து படிங்க: வாங்கினேன், ஒரு புக், லஸ் கார்னர்ல, நேத்து. "ஐ பாட் எ புக் அட் லஸ் கார்னர் யெஸ்டர்டே." அப்படியே கண்ணாடி பிம்பம்! "கார்னர்ல" என்பதில் கடைசியில ஒட்டியிருக்கிற "ல" கூட "அட்" ஆகி முன்னாடி வந்துடுச்சு. இது தற்செயல் இல்ல. வினை கடைசியில வர்ற மொழிகள்ல இந்த மாதிரி இடச்சொற்களும் பெயருக்குப் பின்னாடிதான் பெரும்பாலும் வரும்னு ஜோசஃப் கிரீன்பெர்க் 1963-லயே காட்டியிருக்கார். கோடிங் பண்றவங்களுக்கு ஒரு உதாரணம்: முத்து அண்ணாமலை உருவாக்கின "எழில்" நிரல்மொழியில நிபந்தனையை முதல்ல எழுதிட்டு, அப்புறம்தான் "ஆனால்" போடணும். மத்த மொழிகள்ல பெரும்பாலும் "இஃப்" முன்னாடியே நிற்கும்.

கண்ணாடி எல்லா இடத்துலயும் வேலை செய்யாது. "பழைய புக்", "ஓல்ட் புக்" ரெண்டும் ஒரே வரிசை. ஆனா "நேத்து வாங்கின புக்" திரும்பிடும்: "தி புக் ஐ பாட் யெஸ்டர்டே."

கேள்விகள்ல நம்ம தமிழ் எதையும் நகர்த்தாது. அதனாலதான் "வேர் யூ ஆர் கோயிங்?" வருது. அங்க "ஆர்" முன்னாடி தாவணும்: "வேர் ஆர் யூ கோயிங்?" அதே கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள்ள போனா பழைய இடத்துக்கே திரும்பிடும்: "ஐ டோன்ட் நோ வேர் யூ ஆர் கோயிங்." நல்லா பேசுறவங்களும் தடுக்குற இடம் இது.

அடுத்து நம்ம புகழ்பெற்ற "ஒன்லி". "யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்" என்று யாராவது சொன்னா சிரிக்கிறோம். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. "நேத்துதான்" என்பதில் "தான்" எந்த இடத்துல நிக்குதோ, அதே இடத்துல "ஒன்லி"யை வச்சிருக்காங்க. தமிழ் இலக்கணம் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. தி.நகர்ல யாருக்கும் குழப்பமில்ல. ஆனா வெளிநாட்டு கிளையன்ட் கால்ல, "நீங்கதான் சொன்னீங்க" என்பதை "யூ ஒன்லி டோல்ட் மீ" ஆக்கினா, "நீங்க சொன்னதோட சரி, செய்யல" என்று குத்திக் காட்டுற மாதிரி கேட்கலாம். "இட் வாஸ் யூ ஹூ டோல்ட் மீ"ன்னு சொல்லுங்க. "நேத்துதான் வந்தேன்" என்பதுக்கு "ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே" போதும்.

பெசன்ட் நகர் போற 29சி-ல உட்கார்ந்திருக்கும்போது, ஜன்னல்ல பார்க்கிறதை மனசுக்குள்ள எழுவாய், வினை மட்டும் சொல்லுங்க: "எ மேன் இஸ் செல்லிங்..." அதைச் சொன்னப்புறம் மூச்சு விடுங்க. என்ன விக்கிறார், எங்க விக்கிறார் என்பதை அடுத்த சிக்னலுக்குள்ள சேர்த்துக்கலாம். வினை வெளியே வந்துட்டதால, இப்ப நிறுத்தினா யாருக்கும் அது திணறலா தெரியாது.