செஞ்சிக் கோட்டை: பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட வேண்டிய வரலாறு

பூமியில் பயணம் செய்து, முன்சென்றவர்களின் முடிவைக் கவனிக்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. விடுமுறை என்றால் எலியட்ஸ் கடற்கரையோடு நின்றுவிடும் பெசன்ட் நகர் குடும்பங்கள் ஒரு நாளைச் செஞ்சிக்கு ஒதுக்கலாம். திண்டிவனம் வழியாகச் சுமார் 160 கி.மீ. ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்பினால் காலையிலேயே மலை ஏறத் தொடங்கிவிடலாம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். அவற்றை முக்கோணமாக இணைக்கும் மதில்கள். இதுதான் கோட்டை. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன் பாறை பிளந்து பெரும் பள்ளம். அதைக் கடக்கச் சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான். கீழே கல்யாண மகால், தானியக் களஞ்சியம், குதிரை லாயம், ஆனைக்குளம். கல்யாண மகாலின் மேல்தளத்துக்கும் சுடுமண் குழாயில் தண்ணீர் போயிருக்கிறது. கிருஷ்ணகிரி உச்சியின் தர்பார் மண்டபத்தில் குவிமாடத்தையும் வளைவுகளையும் காணலாம்.

கோன் வம்சம் தொடங்கிய இக்கோட்டையை நாயக்கர்கள் விரிவுபடுத்தினர். பிறகு பீஜப்பூர் சுல்தான்களிடம் போனது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் 1690 முதல் பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் வென்றார். அதன்பின் முகலாயர் கோட்டையை ஒப்படைத்தது சரூப் சிங் என்ற ராஜபுத்திரரிடம்!

அவருடைய மகன்தான் தேசிங்கு ராஜன். கப்பப் பாக்கியைக் கேட்ட ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714இல் போரிட்டு இளம் வயதிலேயே மாண்டார். அவர் பக்கம் நின்று உயிர்விட்ட நண்பர் ஒரு முஸ்லிம். கல்யாணத்தைப் பாதியில் விட்டுக் களத்துக்கு ஓடியவர் என்று தேசிங்கு ராஜன் கதைப்பாடல் அவரைப் போற்றுகிறது. தேசிங்கின் ராணி உடன்கட்டை ஏறியதை மதித்து நவாப் உருவாக்கிய ஊரே ராணிப்பேட்டை என்பதும் வழிவழியாக வரும் செய்தி.

ஆக, இங்கே நடந்தவை ஆட்சிக்கும் வரிக்குமான சண்டைகள். இரு பக்கமும் இரு மதத்தாரும் இருந்தனர். வரலாற்றை மதச் சண்டையாக மட்டுமே காட்டும் காணொலிகள் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்துகொண்டிருக்கும் காலம் இது. கோட்டைக்குள் வெங்கட்ரமணர் கோயிலும் இருக்கிறது, 1717-18இல் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது. இரண்டையும் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே.

படிகள் செங்குத்தானவை, முதியோரும் கைக்குழந்தை வைத்திருப்போரும் அடிவாரத்தைப் பார்த்தாலே போதும். தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள். குரங்குகள் உண்டு, தின்பண்டங்களைப் பைக்குள் வையுங்கள். பிற்பகலில் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். அதனால் முதலில் மலை, பிறகு மற்றவை. இறங்கி வந்து செஞ்சி ஊருக்குள் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பலாம், இன்ஷா அல்லாஹ்.