பக்கத்துக் கடையைக் கூகுள் எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

'உங்கள் கடையைக் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்' என்று சொல்லிச் சிறு வியாபாரிகளிடம் பணம் கேட்கும் தொலைபேசி அழைப்புகள் அடிக்கடி வருகின்றன. பத்துக்குப் பத்து அறையில் பலகாரக் கடை நடத்துகிறவருக்கு அந்தத் தொகை பெரிது. ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பக்கத்தில் இருக்கும் கடைகளைத் தேடும்போது வருகிற பட்டியலில், எல்லோருக்கும் பொதுவான முதலிடம் என்று ஒன்று கிடையாது. தேடுகிறவர் நாலு தெரு தள்ளிப் போனாலே வரிசை மாறலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொள்வோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்கு அங்கே கடைகள் ஏராளம். ஆண்டாள் கோயில் பக்கம் நின்று 'பால்கோவா கடை' என்று தேடுகிறவருக்கும், ரயிலை விட்டு இறங்கியதும் தேடுகிறவருக்கும் ஒரே வரிசை வர வேண்டியதில்லை. பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே கடைகளை வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. விளம்பரம் என்ற குறியோடு வருபவை வேறு. விளம்பரமல்லாத வரிசையில் மேலே ஏறப் பணம் கட்ட வழியே இல்லை என்றும் அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

மூன்றில் தூரத்துக்குப் பின்னால் இருக்கும் கணிதம் அழகானது. உலகத்துக் கடைகளை எல்லாம் ஒவ்வொன்றாக அளந்து, எது அருகில் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. இதற்கென்று கூகுளில் உருவாகி, இப்போது யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது; பெயர் எஸ்2. அது பூமி உருண்டையை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களில் விரிக்கிறது. ஒவ்வொரு முகத்தையும் நான்கு கட்டமாக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி நான்காக்கி, இப்படியே 30 முறை பிரிக்கிறது. கடைசியில் கிடைக்கும் கட்டத்தின் பரப்பு சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர்தான். எல்லாக் கட்டத்துக்கும் எண் உண்டு. எண் கொடுக்கும் முறைதான் நுட்பமானது. ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் 1891இல் ஒரு வளைகோட்டை விவரித்தார். கையெடுக்காமல் இழுத்த கம்பிக் கோலம் போல, எந்தக் கட்டத்தையும் விடாமல், எதிலும் இரண்டாம் முறை நுழையாமல் அது போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கோடு போகும் வழியில் எண் கொடுத்தால், அடுத்தடுத்த எண்கள் தரையிலும் அக்கம்பக்கமாகவே அமையும். நாம் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள சில கட்டங்களின் எண்களைத் துழாவினால் போதும், பக்கத்துக் கடைகள் சிக்கிவிடும்.

கடை இருக்கும் இடத்தை மாற்ற முடியாது. ஆனால் மேப்பில் குத்தியிருக்கும் குறி நம் வாசலில் இல்லாமல் பின் தெருவில் விழுந்திருந்தால், தூரக் கணக்கு பின் தெருவிலிருந்துதான் தொடங்கும். வாடிக்கையாளரும் அங்கே போய்த்தான் நிற்பார். குறியைச் சரியான வாசலுக்கு நகர்த்தக் காசு எதுவும் வேண்டாம்.

பொருத்தம் என்பது பெரும்பாலும் நாம் கொடுக்கும் தகவலைச் சார்ந்தது. பால்கோவா விற்கும் கடை 'மளிகை' என்ற வகையில் பதிவாகியிருந்தால், இனிப்பு தேடுகிறவரின் கண்ணில் அது படுவது கடினம். மொழிச் சிக்கலும் உண்டு. ஒரே பண்டத்தை ஒருவர் தமிழில் தட்டுகிறார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் 'palkova' என்றோ 'paalkova' என்றோ தோன்றியபடி தட்டுகிறார், வேறொருவர் வாயால் சொல்கிறார். சொல்லைச் சூழலோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் பெர்ட் என்ற மொழி மாதிரியைக் கூகுள் 2019 அக்டோபரில் ஆங்கிலத் தேடலில் புகுத்தியது. அந்த டிசம்பரிலேயே தமிழ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அதை விரித்தது. இருந்தாலும் எழுதி வைக்காத ஒன்றை எந்த மாதிரியாலும் புரிந்துகொள்ள முடியாது. கூகுளில் கடைக்கென்று இருக்கும் பக்கத்தில் விவரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்பதே நல்லது. அதற்காகப் பெயர்ப்பலகையில் இல்லாத 'சிறந்த', 'நம்பர் ஒன்' போன்ற அடைமொழிகளைக் கடைப் பெயரோடு ஒட்டக் கூடாது. அது விதிமீறல், பக்கமே முடக்கப்படலாம்.

பிரபலத்தில் ரிவ்யூவுக்குப் பெரிய பங்கு. அப்போது ஹார்வர்டில் இருந்த பொருளியலாளர் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் வாடிக்கையாளர்கள் ரிவ்யூ எழுதும் யெல்ப் தளத்தில் அவை பெற்ற ஸ்டார்களையும் ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் உயர்ந்தது. அந்த உயர்வு தனி உணவகங்களுக்கு மட்டுமே. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களிடம் அது தென்படவில்லை. அவற்றின் பெயர் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத சின்னக் கடைக்குத்தான் முன்பின் அறியாதவர் எழுதும் இரண்டு வரி பெரிய பலம். ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மூன்று பேர் மட்டும் ரிவ்யூ எழுதி, மூவரும் பாராட்டியிருந்தால் அது நூற்றுக்கு நூறா? அமெரிக்கக் கணிதவியலாளர் எட்வின் வில்சன் 1927இல் தந்த சூத்திரப்படி, 95 சதவீத நம்பிக்கையுடன் பார்த்தால், அந்தக் கடையில் திருப்தி அடைவோர் 44 சதவீதமாகக்கூட இருக்கலாம். நூறு பேரில் தொண்ணூறு பேர் பாராட்டிய கடைக்கோ இந்தக் கீழ் எல்லை 83 சதவீதம். கூகுள் தன் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. ரிவ்யூவின் எண்ணிக்கை, ஸ்டார் இரண்டையும் பார்ப்பதாக மட்டும் சொல்கிறது.

எண்ணிக்கைக்காக ரிவ்யூவை விலைக்கு வாங்குவது ஏமாற்று வேலை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் கொண்டுவந்த ஐ.எஸ். 19000 தரநிலை இதற்கு எதிராகவே வகுக்கப்பட்டது. பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது, 'எப்படி இருந்துச்சுன்னு கூகுள்ல ரெண்டு வரி எழுதுங்க, என்ன வாங்குனீங்கன்னும் போடுங்க' என்று வாடிக்கையாளரிடம் கேட்பதில் தவறே இல்லை. பிறகு யாராவது அந்தப் பண்டத்தைத் தேடும்போது, அதைக் குறிப்பிட்ட ரிவ்யூ வரியையே கடைப் பெயருக்குக் கீழே கூகுள் சில நேரம் எடுத்துக் காட்டுகிறது.